வயது தலைப்பில் இருக்கிறது. போன வழி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எளிதில் எட்ட முடியாத நிலங்களுக்குத் துணிந்து பயணம் செய்யும் பெண்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் அவ்வப்போது வெளியிடும் செய்திகளை விடாமல் படித்துவருபவள் என்ற முறையில், அவை எழுதப்படும் விதத்தில் நான் காணும் குறை ஒன்றைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சிகரம் ஏறியவர் சிறுமியாக இருந்தால் ‘இத்தனை சிறு வயதில்’ என்றும், கடல் கடந்தவர் மூதாட்டியாக இருந்தால் ‘இந்த வயதிலும்’ என்றும் தலைப்பு வைக்கப்படுகிறது. வயது பெரிய எழுத்தில் இருக்கிறது. அவர் எவ்வழியில் போனார், செலவை யார் ஏற்றார்கள், யாரிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது, எத்தனை காலம் பயிற்சி எடுத்தார், அவர் இல்லாத நாள்களில் வீட்டுப் பொறுப்புகளை யார் சுமந்தார்கள் என்பவை செய்தியின் கடைசி வரி வரை தேடினாலும் கிடைப்பதில்லை. படிப்பவர் வியந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். தாமும் ஒருநாள் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்தச் செய்தியால் பயன் ஒன்றும் இல்லை.

ஒரு பெண் புறப்பட்ட வயது அவருடைய துணிவைப் பற்றிச் சொல்வதைவிட, அவருக்கு எப்போது விடுதலை கிடைத்தது என்பதைப் பற்றியே அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து. வியன்னாவில் 1797-இல் பிறந்த ஐடா ஃபைஃபர் தமது முதல் நெடும்பயணத்துக்கு 1842-இல், 44 வயதில்தான் கிளம்பினார். உலகைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்குச் சிறுவயது முதலே இருந்தது. இரண்டு மகன்களும் வளர்ந்து சொந்தக் காலில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு எஞ்சிய பதினாறு ஆண்டுகளில் அவர் ஐஸ்லாந்துக்குச் சென்றார், உலகை இருமுறை சுற்றினார், போர்னியோ, சுமத்ரா தீவுகளின் உட்பகுதிகளுக்குள் நுழைந்தார், கடைசியாக மடகாஸ்கர் போய் நோயுற்றுத் திரும்பி 1858-இல் இறந்தார். முந்தைய பயணத்தைப் பற்றி எழுதிய நூலின் வருவாயும், சேகரித்த பூச்சிகளையும் செடிகளையும் அருங்காட்சியகங்களுக்கு விற்ற பணமும் அடுத்த பயணத்துக்கு முதலாயின. இப்படி ஒரு வழியைத் தாமே வகுத்துக்கொண்டவரை ‘44 வயதில் சாதித்தவர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு அநியாயமாகத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் மேரி கிங்ஸ்லியின் கதையும் ஏறத்தாழ இதே போன்றது. நோயுற்ற தாயைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்த அவர், 1892-இல் தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்த பிறகு, மறு ஆண்டே மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபிக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு மிதிவண்டியும் ஓர் உலக வரைபட நூலும் பரிசாகக் கிடைத்தன. அப்போதே இந்தியா வரை மிதிவண்டியில் போவது என்று முடிவு செய்துவிட்டார். பதினான்கு வயதில், மூட்டுவாதத்தால் முடங்கிய தாயைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியை விட்டு நிற்க வேண்டியதாயிற்று. தாய் இறந்தது 1962-இல். மர்ஃபி புறப்பட்டது 1963 ஜனவரியில், கடும் பனிக்காலத்தில். 44, 30, 31 என்று மூவரின் வயதும் வேறுபட்டாலும், மூவரையும் அதுவரை நிறுத்திவைத்தது வீட்டில் அவர்கள் ஏற்றிருந்த கடமையே. அதற்காக, கடமை முடியும்வரை எல்லோரும் காத்திருந்துதான் ஆக வேண்டும் என்றும் சொல்வதற்கில்லை. அதே மர்ஃபி பின்னாளில் தம் மகளை ஐந்து வயதில் தென்னிந்தியாவுக்கும், ஆறு வயதில் பால்டிஸ்தானின் குளிர்காலத்துக்கும், பிறகு ஆண்டிஸ் மலைத்தொடருக்கும் உடன் அழைத்துச் சென்றார்.

அடுத்தது அனுமதி. ‘முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. பெண்ணுடன் கடல் கடப்பது வழக்கமில்லை என்ற இந்த எண்ணம் நம்மிடம் மட்டும் இருந்ததன்று. பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்கள் ஏறக் கூடாது என்ற விதி இருந்ததால், பூகன்வில் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பயணத்தில் ழான் பாரே என்ற பெண் ஆணுடை தரித்து, தாவரவியலாளர் ஒருவரின் உதவியாளர் என்ற பெயரில் கப்பலேறினார். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அறியப்படுபவர் அவர்தாம். உண்மை வெளிப்பட்ட பிறகும் அவருடைய உழைப்பை மறுக்க முடியாமல், 1785-இல் அதே கடற்படை அவருக்கு ஓய்வூதியம் அளித்தது. ஐடா ஃபைஃபரைப் பெர்லின், பாரிஸ் நகரங்களின் புவியியல் கழகங்கள் மதிப்புறு உறுப்பினராக்கிக்கொண்டபோது, லண்டனின் அரச புவியியல் கழகத்தில் பெண்ணுக்கு இடமில்லை. அக்கழகம் 1892–93-இல் இருபத்திரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. உடனே உள்ளுக்குள் எதிர்ப்புக் கிளம்பி, கதவு மறுபடியும் சாத்தப்பட்டு, 1913 வரை திறக்கப்படவில்லை. பனிக்கண்டமான அண்டார்க்டிகாவிலோ தடை இன்னும் நீடித்தது. அங்கே ஆய்வாளர்களை ஏற்றிச் செல்லும் அமெரிக்கக் கடற்படை பெண்களை அழைத்துச் செல்ல மறுத்துவந்ததால், தென்துருவத்தில் முதன்முதலாகப் பெண்கள் கால் வைத்தது 1969 நவம்பரில்தான். யார் முதல் பெண் என்ற சச்சரவு எழாதபடி, ஆறு பேரும் கைகோத்துக்கொண்டு விமானத்திலிருந்து ஒரே நேரத்தில் இறங்கினார்கள். அவர்களுள் ஒருவர் பத்திரிகையாளர் என்பதைத் தங்களுக்கு எழுதும் இக்கடிதத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இந்தியாவின் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா ஆகிய இரு அறிவியலாளர்கள் 1983-இல் புறப்பட்ட குழுவோடு அண்டார்க்டிகா சென்றார்கள்.

சிறுமிகளின் பயணத்தில் அனுமதி என்பது வேறு கேள்வியாகிறது. தனியாக உலகைச் சுற்றப் பாய்மரப் படகில் கிளம்பப் போவதாக 13 வயதில் அறிவித்த லாரா டெக்கரை, நெதர்லாந்து நீதிமன்றம் 2009-இல் குழந்தைகள் நலத்துறையின் மேற்பார்வையில் வைத்தது. அந்தத் தலையீட்டைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு குழந்தையின் உயிருக்குப் பெற்றோரைத் தவிரச் சமூகமும் பொறுப்பு. ஆனால் அவருடைய பயணம் ஓராண்டு தள்ளிப்போன அந்த இடைவெளியில் அவர் பெரிய படகுக்கு மாறினார், முதலுதவி கற்றார், தூக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சமாளிக்கும் பயிற்சியும் பெற்றார். 2010-இல் தடை நீங்கிப் புறப்பட்டு, 2012 ஜனவரியில் 16 வயதில் சுற்றை முடித்தார். வெளிவந்த செய்திகளில் நீதிமன்ற வழக்கும் வயதும் பேசப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட அந்தப் பயிற்சியைப் பற்றிப் பேசப்படவில்லை. மாலாவத் பூர்ணா 2014 மே 25 அன்று, பதினான்கு வயது நிறைவதற்கு முன்பே எவரெஸ்டை அடைந்தபோதும் இதுவே நடந்தது. அவர் அரசின் சமூக நல உறைவிடப் பள்ளி மாணவி. பள்ளி நிர்வாகமே மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, தெலங்கானாவில் உள்ள புவனகிரிப் பாறையில் தொடங்கி, டார்ஜிலிங்கில் உள்ள மலையேற்ற நிறுவனம், லடாக்கின் குளிர் என்று படிப்படியாகப் பயிற்றுவித்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நேபாளம் அனுமதி தருவதில்லை என்பதால் திபெத் பக்கத்திலிருந்து ஏற வேண்டியிருந்தது. வறிய குடும்பத்துப் பெண் ஒருத்தி அங்கே போய்ச் சேர்வதற்கு அரசுப் பணமும், பயிற்சியும், சரியான வழித்தேர்வும் தேவைப்பட்டன. இம்மூன்றையும் விட்டுவிட்டு வயதை மட்டும் சொன்னால், அது ஏதோ பிறவி அற்புதம் என்று வாசகர் எண்ணிவிட மாட்டாரா?

பணத்தைப் பற்றிச் செய்திகள் காட்டும் மௌனம் எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது. 1975 மே 16 அன்று எவரெஸ்டை அடைந்த முதல் பெண்ணான ஜப்பானின் ஜுன்கோ தபெயின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மகளிர் குழு உதவி கேட்டு ஏறி இறங்கிய நிறுவனங்களில், பெண்கள் பிள்ளை வளர்க்கட்டும் என்ற பதிலே பெரும்பாலும் கிடைத்தது. கடைசியில் ஒரு நாளிதழும் ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் முன்வந்தன. அப்படியும் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளத்தைக் கையிலிருந்து போட வேண்டியிருந்தது. தபெய் பியானோ வகுப்பு எடுத்துப் பணம் சேர்த்தார். கார் இருக்கைகளின் பழைய உறைகளை வெட்டி நீர் புகாத பைகள் தைத்தார். சிகரத்தை அடைவதற்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன் பனிச்சரிவு அவர்களுடைய முகாமை மூடியது. பனிக்கு அடியில் நினைவிழந்து கிடந்த அவரை ஷெர்பாக்கள் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். அவரோடு உச்சிவரை ஏறியவர் ஆங் செரிங் என்ற ஷெர்பா. அப்போது தபெயின் மகளுக்கு மூன்று வயது. இவ்வளவு விவரமும் பதிவாகியிருக்கும்போது, ‘தாயான பின்னும் எவரெஸ்ட் ஏறியவர்’ என்று மட்டும் எழுதிச் செல்வது சோம்பல் அல்லாமல் வேறென்ன?

பணம் இல்லாமையே ஒரு பெண்ணை உலகின் விளிம்புக்குத் தள்ளியதும் உண்டு. அலாஸ்காவின் இனுப்பியாக் இனத்தைச் சேர்ந்த ஏடா பிளாக்ஜாக் 1921-இல், 23 வயதில், ஆர்க்டிக் கடலில் உள்ள ராங்கெல் தீவுக்குச் சென்ற குழுவில் தையல்காரியாகச் சேர்ந்தார். காசநோயால் வாடிய தம் மகனின் சிகிச்சைக்குச் சம்பளம் தேவைப்பட்டது. மற்ற நால்வரும் ஆண்கள். மறு ஆண்டு வர வேண்டிய கப்பல் பனிக்கட்டியைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டது. உணவு தீர்ந்துபோக, மூவர் உதவி தேடி உறைந்த கடல்மேல் நடந்து போனார்கள்; அவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. நான்காமவர் நோயில் படுத்தார். ஏடா நகரத்துப் பாதிரிமார் பள்ளியில் வளர்ந்தவர். துப்பாக்கி பிடிக்கவோ பொறி வைக்கவோ அதுவரை அறியாதவர். அந்தத் தீவில்தான் நரிக்குப் பொறி வைக்கவும், பறவையையும் கடல்நாயையும் சுடவும், பனிக்கரடி வருகிறதா என்று பார்க்க மேடை கட்டவும் கற்றுக்கொண்டார். நோயாளியையும் அவர் சாகும்வரை பார்த்துக்கொண்டார். 1923 ஆகஸ்டில் மீட்புக் கப்பல் வந்தபோது அங்கே உயிரோடு இருந்தவர்கள் அவரும் ஒரு பூனையும் மட்டுமே. ஏடாவைச் சாகசப் பயணி என்று அழைப்பதா என்று எனக்கே ஐயம் உண்டு. அவர் சாகசத்தை நாடிப் போகவில்லை. ஆனாலும், நாடிப் போன நால்வரும் இறந்த இடத்தில் அவர் பிழைத்ததன் காரணத்தைத் தேடிப் படிக்காமல், குளிர்நிலப் பயணத்தைப் பற்றி எழுதுவது முழுமையாகாது.

தொலைதூர நிலம் என்று நாம் எழுதும் இடம் வேறொருவருக்குச் சொந்த ஊர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தபெய் ஏறிய பதினொரு நாள் கழித்து, திபெத்தைச் சேர்ந்தவரும் மூன்று குழந்தைகளின் தாயுமான பந்தோக் வடக்குப் பக்கத்திலிருந்து எவரெஸ்டை அடைந்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஏறிய முதல் பெண் அவர். அவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நேபாளத்தின் லக்பா ஷெர்பா 2022 மே மாதத்தில் பத்தாவது முறையாக எவரெஸ்ட் ஏறினார். அமெரிக்காவில் கடையிலும் சமையலறையிலும் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அத்தனை முறை ஏறியவர் அவர். பிரான்சின் அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் 1924-இல், 55 வயதில், பிச்சையெடுக்கும் யாத்திரைப் பெண்ணாக வேடமிட்டு, அப்போது வெளிநாட்டவர் நுழையத் தடை இருந்த திபெத்தின் லாசா நகரை அடைந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் அதற்குமுன் பல ஆண்டுகள் ஆசியாவிலேயே தங்கித் திபெத்திய மொழியை ஐயமறக் கற்றதும், சிக்கிமில் ஒரு குகையில் தவவாழ்வு வாழ்ந்ததும், தூரத்தில் இருந்த கணவர் பணம் அனுப்பிக்கொண்டிருந்ததும், வழியெல்லாம் யோங்டென் என்ற சிக்கிம் இளைஞர் மகனாக உடன் நடந்ததும் எழுதப்படாமல் போகின்றன.

உடையைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு இருந்த அக்கறை தனிக்கதை. அமெரிக்காவின் ஆனி ஸ்மித் பெக் 1895-இல் ஆல்ப்ஸின் மாட்டர்ஹார்ன் மலையை ஏறியபோது, அவர் ஏறியதைவிட அவர் கால்சட்டை அணிந்திருந்ததே பெரிய செய்தியானது. நேர்மாறாக மேரி கிங்ஸ்லி, ஆப்பிரிக்கக் காட்டிலும் நீண்ட கனத்த பாவாடையைக் கைவிடவில்லை. விலங்குகளுக்காக வெட்டிய குழியில், கூர்முளைகளின் மேல் அவர் விழுந்தபோது அந்தப் பாவாடைத் துணிதான் அவரைக் காத்தது. ஆனி பெக் 1904 முதல் மீண்டும் மீண்டும் முயன்று, 1908-இல், 57 வயதில், பெருவின் வாஸ்கரான் மலையின் வட சிகரத்தைத் தொட்டார். அதுவே பெண் ஒருவர் எட்டிய அதிக உயரம் என்ற பேச்சு எழுந்ததும், அப்பெருமையைக் கொண்டிருந்த மற்றோர் அமெரிக்க மலையேறி ஃபேனி புல்லக் வொர்க்மன் தம் சொந்தச் செலவில் நில அளவையாளர்களைப் பெருவுக்கு அனுப்பி மலையை அளக்கவைத்து, அதன் உயரம் குறைவு என்று நிறுவினார். இதைப் பெண்களின் பொறாமை என்று எழுதியவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு வடதுருவத்தை முதலில் அடைந்தது யார் என்று குக், பியரி என்ற இரண்டு ஆண்கள் மோதிக்கொண்டபோது, அது மட்டும் வரலாற்று விவாதமாகிவிட்டது.

மரணச் செய்தியிலும் இந்த இரட்டை அளவுகோல் தொடர்கிறது. பிரிட்டனின் அலிசன் ஹார்கிரீவ்ஸ் 1995 மே மாதத்தில் சுமைதூக்குவோரின் துணையும் செயற்கை உயிர்வளியும் இல்லாமல் எவரெஸ்ட் ஏறினார். மூன்று மாதம் கழித்துக் கே2 சிகரத்திலிருந்து இறங்கும் வழியில் புயலில் சிக்கி இறந்தார். இரண்டு சிறு குழந்தைகளின் தாய் இப்படிப் போகலாமா என்று பத்திரிகைகள் கேட்டன. அதே புயலில் இறந்த ஆண்களைப் பற்றி அப்படி ஒரு கேள்வி எழுப்பப்பட்டதாக நான் படித்ததில்லை. எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண்ணான பசாங் லாமு ஷெர்பா 1993-இல் இறங்கும் வழியிலேயே உயிர்விட்டார். சகாரா பாலைவனத்தைக் கடக்கப் புறப்பட்ட நெதர்லாந்தின் அலெக்சின் டின்னே 1869-இல் வழியில் கொல்லப்பட்டார், வயது 33. ஆபத்து உண்மையானது. அதை மறைத்து ஊக்கம் மட்டும் ஊட்டும் கட்டுரை, போக நினைப்பவருக்குச் செய்யும் கெடுதியே ஆகும்.

முதியவர்களுக்கு வருகிறேன். அமெரிக்காவின் பார்பரா ஹிலாரி இருமுறை புற்றுநோயிலிருந்து மீண்டவர். 2007-இல் 75 வயதில் வடதுருவத்தையும், 2011-இல் 79 வயதில் தென்துருவத்தையும் அடைந்தார். பனிச்சறுக்கே தெரியாதவராக இருந்து, முதுமையில் அதைக் கற்றுக்கொண்டு போனார். ஜீன் சாக்ரட்டீஸ் 2019-இல் 77 வயதில் எங்கும் நிற்காமல், எவர் உதவியும் இல்லாமல், பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றி முடித்தார். அதற்குமுன் அதே முயற்சியில் பலமுறை தடைபட்டவர். இஸ்ரோவின் மங்களா மணி 2016–17-இல், 56 வயதில், அண்டார்க்டிகாவின் பாரதி நிலையத்தில் 403 நாள்கள் பணியாற்றினார். 23 பேர் கொண்ட குழுவில் அவர் ஒருவரே பெண். அனுப்பப்படுவதற்கு முன் உடலையும் மனத்தையும் வாரக்கணக்கில் சோதித்து, பத்ரிநாத், ஔலிப் பகுதிகளின் பனியில் பயிற்சி கொடுத்தே அனுப்பினார்கள். அந்தச் சோதனைகள் என்னென்ன என்று ஒரு கட்டுரை வந்தால், ஐம்பதைத் தாண்டிய வாசகிகள் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். இந்தியக் கடற்படையின் தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரக் கப்பலில் இருவராகவே புறப்பட்டு, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பியதற்குப் பின்னால் மூன்றாண்டுப் பயிற்சி இருந்தது. அந்த மூன்றாண்டுகளையும் விரித்து எழுதத் தமிழ் நாளிதழுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறு வராது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது சிறிய மாற்றம்தான். இனி இத்தகைய செய்தியை வெளியிடும்போது, பயணத்துக்கு எவ்வளவு செலவானது, அது எங்கிருந்து வந்தது, எங்கே யாரிடம் பயிற்சி, எந்தெந்த அனுமதிகளுக்கு எத்தனை நாள் காத்திருந்தார், மாதவிடாய் நாள்களையும் உறைகுளிரில் கழிப்பிடத் தேவையையும் எப்படிச் சமாளித்தார், உடன் வந்த உள்ளூர் வழிகாட்டிகளின் பெயர் என்ன என்ற விவரங்களுக்கு அரைப் பத்தி இடம் கொடுங்கள். சிகரத்துக்குச் சற்று முன்பே திரும்பிவிட்டவர்களையும் ஒரு முறையாவது பேட்டி காணுங்கள். எந்த உயரத்தில், எதைக் கண்டு, யார் சொல்லித் திரும்பினார்கள் என்று அவர்களால் சொல்ல முடியும். இதற்கெல்லாம் பக்கத்தில் இடம் போதாது என்று துணையாசிரியர் சொன்னால், வயதைக் குறிப்பிடும் தலைப்பை ஒரு வரியாகச் சுருக்கி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி